ஒரே விமானம், இரண்டு கடவுச்சீட்டு: ஒரு மறுப்பு சரி, மற்றது பிழை

2025 ஓகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. லண்டனைச் சுற்றியுள்ள விமான நிலையங்களில் ஒன்றில், சூரிச் போவதற்காக ஒரு தமிழ்க் குடும்பம் வந்து நின்றது. கணவன், மனைவி, பத்து வயது மகன், கணவனின் தாயார். ஞாயிற்றுக்கிழமை சுவிஸில் கணவனின் தமக்கை மகளுக்குச் சாமத்திய வீடு. தாய்மாமன் இவர்தான். திரும்புவது செப்டெம்பர் 5.

கணவன், மனைவி, மகன் மூவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. தாயார் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் வைத்திருக்கிறார். அதில் சுவிஸ் தூதரகம் தந்த ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா ஒட்டியிருந்தது. ஒன்லைன் செக்-இன் முதல்நாளே முடிந்துவிட்டது. தாயாரின் விசாவைக் காட்ட வேண்டியிருந்ததால் மட்டுமே மேசைக்குப் போனார்கள். அங்கிருந்த பணியாளர் நாலு கடவுச்சீட்டையும் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, கணவனுடையதையும் மனைவியுடையதையும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். இரண்டுக்கும் பத்து வருடக் கணக்கு முடிகிறது, ஏற்ற முடியாது என்றார்.

“வாற வருஷம் பெப்ரவரி மட்டும் திகதி கிடக்கே!” என்றார் கணவன். இந்த விதியில் மாட்டுகிற எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்.

மேற்பார்வையாளர் வந்தார், கணினியைப் பார்த்தார், அதையே திரும்பச் சொன்னார். தாயாரின் அச்சிட்ட போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் மேசையில் நின்ற பணியாளர்களில் யாரோ நீலப் பேனையால் “10 வருடம், 2 பேர்” என்று கிறுக்கித் தந்தார்கள். விமானம் போய்விட்டது. நாலு பேரும் வீடு திரும்பினார்கள்.

முறைப்பாட்டுக் கடிதம் எழுத இந்தக் கடதாசிகள் என்னிடம் வந்தன. குடும்பத்தின் கோபம் நாலு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது. சட்டம் அப்படிப் பார்க்காது. கணவனை மறித்தது சரி. மனைவியை மறித்தது பிழை. தாயாரையும் மகனையும் ஒருவருமே மறிக்கவில்லை. ஒரே மேசையில் பத்து நிமிடத்துக்குள் நடந்த இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல் இந்த விவகாரம் விளங்காது.

திகதிகள்

கணவனின் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது 2015 மே 12. காலாவதி 2026 பெப்ரவரி 12. மனைவியுடையது வழங்கப்பட்டது 2015 ஓகஸ்ட் 28. காலாவதி 2026 ஏப்ரல் 28. ஒன்று பத்து ஆண்டும் ஒன்பது மாதமும், மற்றது பத்து ஆண்டும் எட்டு மாதமும் செல்லும் புத்தகம். இரண்டும் சிவப்பு அட்டை. அட்டையின் உச்சியில் ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கும் பழைய வகை.

பத்து ஆண்டுக் கடவுச்சீட்டுக்கு எங்கிருந்து இந்த மேலதிக மாதங்கள்? 2018 செப்டெம்பர் வரை பிரித்தானியாவில் ஒரு சலுகை இருந்தது. பழைய புத்தகத்தில் காலம் மிச்சம் இருக்கும்போதே புதுப்பித்தால், அந்த மிச்சத்தில் ஒன்பது மாதம் வரை புதிய புத்தகத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள். நேரத்துக்கு முன்பே விண்ணப்பித்தவருக்குக் கிடைத்த நன்மை அது. கெட்டித்தனமாக முற்கூட்டியே புதுப்பித்தவர்கள்தான் இன்று மாட்டுகிறார்கள். கடைசி நாள் வரை இழுத்தடித்தவரின் புத்தகத்தில் வழங்கிய திகதியும் காலாவதித் திகதியும் சரியாகப் பத்து ஆண்டு இடைவெளியில் நிற்கும். அவருக்குக் குழப்பமே இல்லை.

ஷெங்கன் எல்லை விதிக்கோவையின் 6ஆம் பிரிவு, ஒன்றியத்துக்கு வெளியே இருந்து குறுகிய காலத்துக்கு வருபவரின் கடவுச்சீட்டிடம் இரண்டு விஷயம் கேட்கிறது. முந்திய பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறுவதாகச் சொல்லும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். முதலாவதை உள்ளே நுழையும் நாளில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டாவதை வெளியேறும் நாளில் இருந்து எண்ணுவார்கள். முதலாவதற்கு வழங்கிய திகதி, இரண்டாவதற்கு அச்சிட்ட காலாவதித் திகதி. ஒன்றின் கணக்கை மற்றதில் போடக்கூடாது.

இப்போது கணவன். நுழையும் நாள் ஓகஸ்ட் 22. வழங்கி பத்து ஆண்டும் மூன்று மாதமும் பத்து நாளும் ஆகிவிட்டன. முதலாவது நிபந்தனையிலேயே விழுந்துவிட்டார். காலாவதி பெப்ரவரி வரை இருப்பதால் இரண்டாவது நிபந்தனை நிறைவேறுகிறது, ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை.

மனைவி. ஓகஸ்ட் 22 அன்று அவருடைய கடவுச்சீட்டுக்குப் பத்து ஆண்டு நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. முதலாவது சரி. செப்டெம்பர் 5 வெளியேற்றம். அதிலிருந்து மூன்று மாதம் டிசெம்பர் 5. காலாவதியோ அடுத்த ஏப்ரல். இரண்டாவதும் சரி. சுவிஸில் நிற்கும்போது பத்து ஆண்டு நிறைவது உண்மைதான். நுழைந்த பிறகு அது பொருட்டல்ல. இடையில் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போய், ஓகஸ்ட் 28க்குப் பிறகு மறுபடி நுழைய வந்தால்தான் சிக்கல். அவர்களுக்கு அப்படி ஒரு திட்டமும் இருக்கவில்லை.

‘சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லையே’ என்று கணவன் என்னிடமும் வாதாடினார். இல்லைதான். ஐஸ்லாந்து, நோர்வே, லீச்சன்ஸ்டைன் போல சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தபடியே ஷெங்கனுக்குள் இருக்கிறது. அதே விதிக்கோவைதான் அங்கும். மறுபக்கம், அயர்லாந்து ஒன்றியத்துக்குள் இருந்தும் ஷெங்கனுக்கு வெளியே. பிரித்தானியக் குடிமக்கள் பொதுப் பயணப் பகுதி என்ற பழைய ஏற்பாட்டில் டப்ளின் போய் வருகிறார்கள், இந்தப் பத்து ஆண்டுக் கணக்கு அங்கே இல்லை.

விதி பழையது, வலி புதியது

பத்து ஆண்டு நிபந்தனை பிரெக்சிட்டுக்காக, அதாவது பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதற்காக, செய்யப்பட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது 2013 ஜூலையில் இருந்தே நடைமுறையில் இருக்கிறது. அப்போது பிரித்தானியர்கள் ஒன்றியக் குடிமக்கள். கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருந்தால் போதும். 2020 டிசெம்பர் 31 இரவோடு, விலகலுக்குப் பிறகும் பழைய விதிகள் தொடர்ந்த இடைமாற்றுக் காலம் முடிந்தது. மறுநாள் விடிந்தபோது அவர்கள் மூன்றாம் நாட்டவர், அதாவது ஒன்றியத்துக்கு வெளியார். நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள், திரும்பும் சீட்டு, தங்குமிட ஆதாரம், கையில் பணம் என்று, எங்கள் ஆட்கள் விசா எடுக்கும் காலத்தில் மனப்பாடமாய் வைத்திருந்த பட்டியல் முழுவதும் அவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

2021 ஜனவரியில், பிரித்தானியாவில் இருந்து ஹூக் ஒஃப் ஹொலண்ட் துறைமுகத்தில் வந்து இறங்கிய லொறிச் சாரதிகளின் இறைச்சி வைத்த சான்ட்விச்சை நெதர்லாந்துச் சுங்கத்தார் பறித்த காட்சி தொலைக்காட்சியில் வந்து ஊரே சிரித்தது. கடவுச்சீட்டு விதி அப்படிப் பகிரங்கமாக வரவில்லை. கொரோனாவால் அந்த ஆண்டு பயணம் செய்தவர்களே குறைவு. 2022இல் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பியபோதுதான் விமான நிலையங்களில் அழுகை கேட்டது.

அந்த ஆண்டுதான் மேசைகளில் குழப்பமும் உச்சம். ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பிரித்தானிய அரசே ஒரு காலத்தில் சொல்லி வைத்திருந்தது. மேலதிக மாதங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்ற பொதுவான எச்சரிக்கையும் இருந்தது. விமான நிறுவனங்கள் சில, இரண்டு நிபந்தனையையும் ஒன்றாகக் குழைத்துத் தங்களுக்கென ஒரு சூத்திரம் செய்துகொண்டன: வழங்கிய திகதியோடு பத்து ஆண்டைக் கூட்டு, அதுதான் ‘உண்மையான’ காலாவதி, அதற்கு மூன்று மாதம் முன்பே பயணம் முடிய வேண்டும். இந்தச் சூத்திரத்துக்கு விதிக்கோவையில் ஆதாரமே இல்லை. தி இன்டிபென்டன்ட் பத்திரிகையின் பயண எழுத்தாளர் சைமன் கால்டர் இதை விடாமல் எழுதி வந்தார். இரண்டு நிபந்தனையும் ஒன்றோடொன்று சேராதவை என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு தெளிவாகச் சொன்ன பிறகு, 2022இல் அரசின் அறிவுரையும் திருத்தப்பட்டது. நிறுவனங்களும் தங்கள் இணையப் பக்கங்களைத் திருத்தின. பக்கம் திருந்தியது. மேசையில் நிற்பவரின் தலைக்குள் இருக்கும் சூத்திரம் எல்லா இடத்திலும் திருந்தவில்லை என்பதற்கு இந்த மனைவியின் வழக்கே சாட்சி.

உண்மையான எல்லை எது

கணவன் கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது. முதல்நாள் இரவு செக்-இன் செய்தபோது கணினி ஒன்றும் சொல்லவில்லையே, போர்டிங் பாஸ் தந்ததே?

கடவுச்சீட்டின் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், நாடு, பிறந்த திகதி, காலாவதித் திகதி எல்லாம் உண்டு. வழங்கிய திகதி இல்லை. பல நிறுவனங்களின் ஒன்லைன் படிவமும் காலாவதியை மட்டுமே கேட்கிறது. ஆகவே பெப்ரவரி 2026 என்று இவர் நிரப்பியபோது கணினிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வழங்கிய திகதி மனிதக் கண்ணுக்கு மட்டும் தெரிவது. படப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பது. அதைப் பார்க்கும் முதல் ஆள் பெரும்பாலும் விமான நிறுவனத்தின் மேசைப் பணியாளர். சில நாளில் அவரும் பார்க்காமல் விடுவார். ‘போன மாசம் என் மச்சான் இப்படித்தான் போனவர்’ என்ற கதைகள் எல்லாம் அப்படி வந்தவையே.

அந்தப் பணியாளர் ஏன் இவ்வளவு கறார்? உரிய ஆவணம் இல்லாதவரைக் கொண்டுபோய் இறக்கினால் நிறுவனம் தன் செலவில் திருப்பிக் கொண்டுவர வேண்டும், தண்டமும் கட்ட வேண்டும். சுவிஸ் சட்டத்தில் அது ஒரு பயணிக்கு 4000 பிராங். மோசமான சந்தர்ப்பங்களில் 16,000. பிழையாக ஏற்றினால் ஆயிரக்கணக்கில் நட்டம். பிழையாக மறித்தால், அதுவும் பயணி சட்டம் தெரிந்து, கடிதம் எழுதி, விடாமல் துரத்தினால்தான், இந்தத் தூரத்துக்கு 220 பவுண்டு. சந்தேகம் வந்தால் மறிப்பதே நிறுவனத்துக்கு மலிவு. மேசைப் பணியாளரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. தராசை இப்படிச் சரித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் அவரை நிற்கவைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் தாயார். நாலு பேரில் மேசையில் ஒரு குறையும் சொல்லப்படாமல் நின்ற பெரியவர் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரி மட்டும். அவர் 90 யூரோ கட்டி, கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்குக் கூற்றும், 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும், மகளின் அழைப்புக் கடிதமும் காட்டி விசா எடுத்தவர். விசா விதியும் அதே பத்து ஆண்டு, மூன்று மாத நிபந்தனைகளைக் கேட்கிறது. தூதரகம் அதை முன்பே பார்த்துவிட்டது. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரின் ஆவணத்தை முற்கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. அவரே பார்த்தால்தான் உண்டு.

மறிக்கப்பட்ட பிறகு

கணவனுக்கு அன்று ஒரு வழி இருந்ததா என்று பார்த்தோம். கடவுச்சீட்டு அலுவலகத்தின் ஒன்லைன் பிரீமியம் சேவையில் அப்போது 222 பவுண்டு கட்டினால் நேரில் போய்ப் புதிய புத்தகத்தைக் கையோடு வாங்கலாம். ஆனால் ஆக முந்திய நேரமே விண்ணப்பித்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் கிடைக்கும். ஞாயிறு சடங்குக்கு அது உதவாது. அதே ஆண்டு, 2025 ஏப்ரலில் இருந்து சாதாரண ஒன்லைன் புதுப்பித்தல் 94.50 பவுண்டாக இருந்தது. மே மாதத்தில் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பயணக் காப்புறுதியும் கைகொடுக்கவில்லை. செல்லாத கடவுச்சீட்டால் பயணம் தவறினால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் பணம் தருவதில்லை. அவருக்குத் திரும்பக் கேட்க முடிந்தது, பறக்காதவருக்காக நிறுவனம் அரசுக்குக் கட்டத் தேவையில்லாத விமானப் பயணி வரி, அப்போது 13 பவுண்டு. அதைக் கேட்டுப் பெற்றோம்.

மனைவியின் பக்கம்தான் சட்டம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் இலக்க விமானப் பயணிகள் விதியைப் பிரித்தானியா விலகிய பிறகும் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஏற்ற மறுத்தால் 1500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்துக்கு 220 பவுண்டு நட்டஈடு, சீட்டுக் காசு அல்லது மாற்றுப் பயணம். போதாத பயண ஆவணம் போன்ற நியாயமான காரணம் இருந்தால் மட்டும் இது கிடையாது. நிறுவனத்தின் முதல் பதில் அந்த விலக்கைத்தான் பிடித்துக்கொண்டது: ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு, வருந்துகிறோம்.

ஆவணம் போதாது என்று நிறுவனம் நினைத்தாலே விலக்குக் கிடைத்துவிடுமா? இதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஏப்ரல் 30 அன்று பதில் சொல்லியிருக்கிறது. சைப்ரஸின் லார்னகாவில் இருந்து ருமேனியா போக வந்த ஒரு பயணியை ஆவணக் காரணம் காட்டி ஏற்ற மறுத்த வழக்கு அது. நிறுவனம் போதாது என்று முடிவெடுத்ததாலேயே பயணியின் பாதுகாப்புப் போய்விடாது. அந்த மறுப்பு நியாயமானதா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. இடைமாற்றுக் காலம் முடியுமுன் வந்த தீர்ப்பு என்பதால் இங்கிலாந்திலும் அதைக் காட்டி வாதாட இடமுண்டு.

இரண்டாவது கடிதத்தில் உணர்ச்சி ஒன்றும் எழுதவில்லை. கடவுச்சீட்டின் படப் பக்கம், நாலு திகதி, 6ஆம் பிரிவின் வாசகம், ஆணைக்குழுவின் விளக்கம், இந்தத் தீர்ப்பு. கூடவே போர்டிங் பாஸின் பின்பக்கத்துப் படம். அந்த நீலப் பேனைக் கிறுக்கல் பெரிய உதவி. மறுப்புக்குக் காரணம் பத்து ஆண்டுக் கணக்குத்தான், வேறொன்றுமில்லை என்பதற்கு நிறுவனத்தின் கையெழுத்திலேயே ஆதாரம். பிறகு வேறு காரணம் சொல்லித் தப்ப முடியவில்லை. யாரையாவது மறித்தால் எந்த விதிப்படி என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்தவர் நிற்கும் மேசையின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 220 பவுண்டும் மனைவியின் இருவழிச் சீட்டுக் காசும் வந்தன.

அடுத்த பயணத்தில் மாறுவது

2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாகத் தொடங்கியது. எல்லா எல்லைகளுக்கும் 2026 ஏப்ரல் 10 என்று நாள் குறித்தார்கள். முத்திரைக்குப் பதில் முகப்படமும் நாலு விரல் ரேகையும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த இந்த மகனுக்கு ரேகை இல்லை, படம் மட்டும். தொண்ணூறு நாள் கணக்கை இனி முத்திரையைப் புரட்டி எண்ண வேண்டாம், கணினியே எண்ணும். எல்லையில் நுழைவு மறுத்தால் அதுவும் அங்கே பதிவாகும். லண்டன் மேசையில் மறிக்கப்பட்டது எந்தப் பதிவிலும் ஏறாது. கணவன் எப்படியோ தப்பிச் சூரிச் வரை போய் அங்கே பிடிபட்டிருந்தால் இன்னும் மோசம் என்று அவரைத் தேற்றினேன். அவ்வளவாக எடுபடவில்லை. விசா தேவைப்படாத வெளியார் ஷெங்கன் பயணத்துக்கு முன் எடுக்க வேண்டியதாக, 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கும் எட்டியாஸ் முன்னனுமதிக்கு 20 யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் இலவசம். அது கடவுச்சீட்டோடு கட்டப்பட்டது, புத்தகம் மாறினால் அனுமதியும் புதிதாக எடுக்க வேண்டும்.

இவை ஒன்றும் பத்து ஆண்டுக் கணக்கைத் தொடவில்லை. 2018 செப்டெம்பருக்கு முன் மேலதிக மாதத்தோடு வழங்கிய புத்தகங்களில் கடைசியானவை 2029 ஜூன் வரை ‘செல்லும்’. அதுவரை இந்தக் கதை வெவ்வேறு மேசைகளில் நடந்துகொண்டே இருக்கும்.

குடும்பத்தின் வழக்கில் முடியாமல் இருப்பது தாயாரும் மகனும். நிறுவனம் சொல்வது: அவர்களை நாங்கள் மறிக்கவில்லை, அவர்களாகவே பயணத்தைக் கைவிட்டார்கள். கணவனை மறித்ததால் மட்டும் அவர்களின் பயணம் நின்றிருந்தால் அந்த வாதம் சரி. ஆனால் மனைவியை ஏற்றியிருந்தால் மூன்று பேரும் போயிருப்பார்கள். தாய்மாமன் இல்லாவிட்டாலும் மாமியும் அம்மம்மாவும் சபையில் நின்றிருப்பார்கள். சரியான மறுப்பு நிறுத்தியது ஒருவரை, பிழையான மறுப்பு நிறுத்தியது மூவரை. தாயாரின் ஒருமுறை நுழைவு விசாவும், இரண்டு சீட்டும், கொடுத்த 90 யூரோவும் அந்தப் பிழையின் நேரடி நட்டம் என்பது எங்கள் வாதம். நிலையான நட்டஈட்டுக்கு மேல் கேட்க 261ஆம் விதியின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. இங்கிலாந்தில் சிறு கோரிக்கை வழியில் 10,000 பவுண்டு வரை கேட்கலாம், ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. நிறுவனத்தின் இறுதி மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. வழக்குப் படிவத்தை மனைவியின் பெயரில் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.